ட்ரை பண்றேன்க்கா!

போன வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். அத்தான் ரிட்டயர் ஆகிவிட்டார். இனி கோயம்புத்தூர் வாசம்.

"திங்கக்கிழமை காலைல லாரி வருதுடா. அதுக்குள்ள ஒரு வேளை வந்து சாப்பிட்டுப் போயேன்."

"ட்ரை பண்றேன்க்கா."

"ஹவ் ஹவ்... ஆமா ஆமா, பண்ணு பண்ணு. பன்னெண்டு வருஷமா பண்றியே!"

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்றது.

'வர்றேன்' என்றால் வருவார்கள். 'பார்க்கலாம்' என்றால் பாதி நம்பிக்கை. 'ட்ரை பண்றேன்' என்றால்? எனக்கு இலை போட வேண்டாம் என்று அர்த்தம். வரமாட்டேன் என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை ஏது?

டிக்‌ஷனரியைப் புரட்டினேன். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம் இந்த 'ட்ரை'. அங்கே அதற்குப் பொருள் — பொறுக்கி எடுப்பது, பிரித்தெடுப்பது. முயற்சி என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

சரிதானே! ஒவ்வொரு ஞாயிறும் நான் செய்தது அதைத்தானே? வண்டி சர்வீஸ், யாரோ வீட்டு கிரகப்பிரவேசம், மதியத் தூக்கம்... எல்லாம் சல்லடையில் நின்றன. அக்கா வீடு மட்டும் ஓட்டை வழியே விழுந்துவிட்டது. நான் இருப்பது மாரெட்பள்ளி. ஒரே ஊர். ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்.

ஞாயிறு மதியம் போய் நின்றேன். ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. அடுப்பைக்கூடக் கழற்றியாகிவிட்டது.

"பாவி, நிச்சயமா வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குக்கரையாவது வெளிய வெச்சிருப்பேனே!" அக்கா தவித்துப்போனாள்.

ஓட்டல் பார்சலைப் பேப்பர் தட்டில் போட்டு, அத்தானோடு மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தன் பங்கையும் என் தட்டுக்கே தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சமையலறையில் அவள் வைத்த ரசம் எப்படி மணத்திருக்கும்? இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா காபி கொண்டுவந்தார். "மா தம்முடு" — என் தம்பி — என்று அக்கா என் தோளைத் தொட்டுச் சொன்னாள். எத்தனை பெருமை அந்தக் குரலில்!

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அமெரிகா நுஞ்சி எப்புடு வச்சாரண்டி?"

அமெரிக்காவிலிருந்து எப்போது வந்தீர்களாம்! அக்கா இத்தனை வருஷம் என்னைப் பற்றி ஏங்கிப் பேசியதைக் கேட்டு, தம்பி கடல் கடந்து இருப்பதாக அவரே முடிவு செய்திருக்கிறார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நின்னனே வச்சாடம்மா."

நேற்றுத்தான் வந்தானாம்.

தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தேன். இல்லையென்று சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?