தொடாமல் இருந்தால் பேசும் குரல்

2003 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்குப் பால் வந்தது. ஆறேகாலுக்கு அம்மா காபி கலந்தார். ஏழு பத்துக்கு நான் புணே அருகே பிம்ப்ரியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தேஹு ரோடு கிடங்கு வேலைக்குக் கிளம்பினேன். அக்கா மறைந்து பதினேழாம் நாள். மாலை ஐந்தரைக்குத் திரும்பியபோது, அக்காவின் அறையில் கணினி முன்னால் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மீ இதேச் ஆஹே. காயீ நாஹீ" என்றது கணினியிலிருந்து அக்காவின் குரல். நான் இங்கேதான் இருக்கிறேன், அவசரமில்லை என்று மராத்தியில் பொருள்.

"எதையும் தொட்டுடாதேடா. தொடாம இருந்தாத்தான் பேசறா" என்றார் அம்மா.

அக்கா வேலூரில் பிறந்தவர். அப்பாவுக்குக் கிடங்கில் வேலை கிடைத்ததால் நான்கு வயதில் இங்கே வந்தார். ஒரு சொல் மராத்தி தெரியாமல் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அவர் வாய் திறப்பதற்குள் ஆசிரியை அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாராம். "எனக்காக அரை நிமிஷம் நின்னிருக்கலாம்டா" என்று ஐம்பது வயதிலும் சொல்வார். அப்பா காலமான பின் பகலில் கற்பித்து, மாலையில் கற்று, என்னையும் படிக்கவைத்து, முனைவர் பட்டம் பெற்றார். சிறு பிள்ளைகள் கணினியோடு எப்படிக் கற்கிறார்கள் என்பதே அவரது ஆய்வு.

கசார்வாடியில் ஒரு பால்வாடிக்காகக் கணினியில் எண்ணும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். திரையில் மாமரம், விசையை அழுத்தினால் ஒரு பழம் கூடையில் விழும். அரை நிமிடம் எதையும் தொடாத பிள்ளைக்கு அக்காவின் குரல் அந்த வாக்கியத்தைச் சொல்லும். பிள்ளைகள் வெகுநேரம் அமைதியாக இருப்பதைக் கண்டு, யோசிக்கிறார்கள் என்று மகிழ்ந்தார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்.

ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். ஆறு பிள்ளைகள், கைகளை மடியில் வைத்து, திரையையே பார்த்தபடி. பின்னால் நின்ற அக்காவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் தொடவில்லை என்று ஒரு சிறுமியிடம் அக்கா மராத்தியில் கேட்டார்.

"தொட்டால் தாயி பேசமாட்டாங்க" என்றாள் அவள், திரும்பாமலே. தாயி என்றால் மராத்தியில் அக்கா.

"யாருடா அந்தத் தாயி? நான் இங்கேதானே நிக்கறேன்" என்றார் அக்கா என்னிடம். சிரிக்க முயன்றார்.

குரலை நீக்குவதற்காகக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. கடைசி வாரம் என் நாட்குறிப்பை வாங்கி, "குரலை எடுத்துவிட்டுத்தான் பால்வாடிக்குத் திருப்பித் தரவேண்டும்" என்று எழுதி, அதற்கான வழியையும் கீழே எழுதினார். செவ்வாய் காலை பத்து மணிக்குக் கணினியை எடுத்துப்போக வருவதாகப் பால்வாடி ஆசிரியை சொல்லியிருந்தார்.

அன்று, திங்கள் மாலை, அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். குரலைக் கேசட்டில் பதிந்து தருகிறேன் என்றேன்.

"நான் சும்மா இருக்கறது கேசட்டுக்குத் தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆறு நாற்பதுக்கு நான் கணினி முன் உட்கார்ந்தேன். அக்கா எழுதிய வழிப்படி, குரலை நீக்கும் விசைமேல் விரலைக் கொண்டுபோனேன், அழுத்தவில்லை. அவசரமில்லை என்றது குரல். ஏழு முறை சொன்னது. எட்டாவதற்கு முன் அழுத்தினேன்.

"எடுத்துட்டியா?" என்றார் அம்மா வாசற்படியிலிருந்து.

"எடுத்துட்டேம்மா."

சாப்பிடும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை இருவர் கையும் தட்டில் நின்றது.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும், பிள்ளைகளை அழைத்துவந்து வணங்கிய பால்வாடி ஆசிரியைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்குப் பால் வந்தது. அம்மா அடுப்படிக்குப் போகாமல் அக்காவின் அறைக்குப் போய்க் கணினியைப் போடச் சொன்னார். போட்டேன். மாமரம் வந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை நிமிடம் கடந்தது. இன்னும் ஒன்று. பிறகு வலது கையை மடியிலிருந்து எடுத்து, ஒரு விரலால் விசையை அழுத்தினார். கூடையில் ஒரு பழம் விழுந்தது.