பிளாப்பிக்கு வைத்த சந்தனப் பொட்டு

அக்காவின் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகவே உள்ளுக்குள் கறக் கறக்கென்று அரைத்துக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் சாகப் போகிற சத்தம் அது. அவள் வருஷக்கணக்காகக் கண் விழித்து அடித்த முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்க அதில்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் பிரிண்டர் கிடையாது. வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் பிளாப்பியில் கொண்டுபோய்த்தான் அச்செடுக்க வேண்டும். ஆய்வேடோ ஒரு பிளாப்பியில் அடங்காது. அதைச் சுருக்கிப் பல பிளாப்பிகளில் துண்டு போட்டு வைக்கும் நிரல் ஒன்றை, அக்காவோடு கல்லூரியில் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை காலையில் ஒரு பிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மவுஸுக்கு அதில் வேலை இல்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிளாப்பி அப்பளம் மாதிரி வளையும். அதன் உறையில் இருபக்கமும் நீளமாக ஒரு திறப்பு இருக்கும், அதில் தெரிகிற தகட்டில் விரல்கூடப் படக்கூடாது.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தப் பிளாப்பி பூஜை அறைக்குப் போயிருந்தது. மிக்சியோ சைக்கிளோ, புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அப்பா தொடவிட மாட்டார். எடுத்துப் பார்த்தேன். பெயர் ஒட்டிய பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. டிரைவுக்குள் தள்ளி, நிறுவுவதற்கான கட்டளையை அடித்து என்டரைத் தட்டினேன்.

டிரைவ் முனகியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடியும் அடித்தேன். அப்போதுதான் டிரைவுக்குள்ளிருந்து சந்தன வாசனை வந்தது.

"யப்பா, பொட்ட எங்கன வச்சிய?"

"முன்னால பேரு ஒட்டியிருக்குல்லா. பின்னால நெத்தி மாதிரி ஒரு எடம் இருந்துச்சு, அங்கன வச்சேன்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

வெளியே இழுத்தேன். ஈரச் சந்தனம் தகடு முழுக்க வட்டமாக இழுபட்டிருந்தது. டிரைவுக்குள்ளும் சந்தனம் அப்பியிருந்ததால், வேறு பிளாப்பியைப் போட்டாலும் அது படிக்கவில்லை. ஆய்வேட்டை வெளியே எடுக்க இருந்த ஒரே வழி அந்த டிரைவ்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதன் உள்ளே துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் மதுரைக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

"பைய பாரு, அவசரப்படாத" என்றாள் அக்கா.

சாயங்காலம் கறக் சத்தம் நின்றது. திரையில் எழுத்துகள் அப்படியே உறைந்தன. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஹார்டு டிஸ்க் சுழலவே இல்லை. அக்கா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"சத்தம் நின்னுட்டுல்லா, சரியாயிட்டா, ஏட்டி?"

அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவாள் போலிருந்தது.

"சரியாயிட்டுப்பா" என்றாள். "நீங்க போய்ச் சாப்பிடுங்க."