முதலாளியின் கால்கள்

சலவைக்கூடத்தில் துணியைக் காயவைப்பதும் தேய்ப்பதும் அக்காவின் வேலை. துவைப்பது அத்தான். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் இருந்தபோதே அப்படித்தான். அவர் இயந்திரத்தின் பக்கம், இவள் கொடியின் பக்கம். பிறகு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு கூடத்தைப் பிடித்து, விடுதிகளின் படுக்கைவிரிப்புகளைச் சொந்தமாக வெளுக்கத் தொடங்கியபோதும் அது மாறவில்லை. "அவரு நனைச்சுப் போட்டுட்டுப் போயிடுவாரு. நான்ல கெடந்து காயவைக்கணும்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, அத்தான் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் அதிகம் பேசாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

மட்டக்குதிரை வந்தது துணி வண்டி இழுக்க. ஊரை விட்டுப் போன ஒரு வண்டிக்காரர், வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கட்டிவிட்டுப் போனார். உடம்பு செம்பட்டை. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களிலும் குளம்பை மூடுகிற அளவுக்கு வெள்ளை முடி தொங்கும். பார்க்க அழகாக இருந்தது. முடியை விலக்கினால் உள்ளே பொருக்கும் வெடிப்புமாகத் தோல் தடித்துக் கிடந்தது. இரவெல்லாம் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருக்கும்.

கால்நடை டாக்டர் ஓர் இளம்பெண். பார்த்ததும் சொல்லிவிட்டார். முடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அது கடிக்கிற இடத்தில் ஈரம் தங்கித் தோல் வெடிக்கிறது. மருந்தால் அடக்கலாம், அடியோடு போகாது.

"முடிய மொத்தமா எடுத்துட்டா கவனிக்கறது சுலபம்," என்றார்.

"அது உடுத்தியிருக்கற ஒரே நல்ல துணி அதுதான் டாக்டரம்மா. அதையும் உருவச் சொல்றீங்களே!"

"அப்ப ஈரம் தங்காம பார்த்துக்கணும். முடியுமா?"

"பொழுதன்னிக்கும் நான் பண்ற வேலையே அதுதானே," என்றாள் அக்கா.

அப்படித்தான் அந்தக் கால்கள் அவள் கைக்கு வந்தன. சேற்று நாளில் வண்டி போகாது. பொருக்கை ஒருபோதும் காய்ந்தபடி பிய்க்க மாட்டாள். மருந்து கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுத் தானாகக் கழன்றால்தான் எடுப்பாள். அதுவும் டாக்டர் சொல்கிற நாளில் மட்டும். மற்ற நாட்களில் தண்ணீரே கிடையாது. இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த துண்டுகளால் ஒற்றி ஒற்றி உலர்த்துவாள். பின்னங்கால் மடிப்பில் களிம்பு. வேலை முடிந்ததும் மண்டியிட்டு, ஒவ்வொரு காலிலும் கன்னத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பாள்.

"கட்டின புருஷனுக்கு இல்லாத கொஞ்சல்," என்பார் அத்தான். அவர் அடித்த அபூர்வ நகைச்சுவைகளில் அது ஒன்று.

"உங்களுக்கென்ன, கால்ல புண்ணா வந்திருக்கு? வந்தா சொல்லுங்க, பார்க்கலாம்."

வண்டி இழுத்த நாட்களைவிட நின்று தின்ற நாட்கள்தான் அதிகம். அதனால் அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தாள். விடுதிக்காரர்கள் துணி தாமதம் என்று தொலைபேசியில் கத்தினால், "முதலாளிக்கு உடம்பு சரியில்லைங்க," என்பாள். அவர்கள் அத்தானுக்குத்தான் ஏதோ என்று நினைத்து விசாரிப்பார்கள்.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள் அக்கா தேய்ப்பு மேசைக்குப் பக்கத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. அன்று நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், இஸ்திரிப்பெட்டியை அணைத்தது மட்டும் நினைவுக்கு வருகிறது. ஒரு தலையணையுறை கருகியிருந்தது. அதை மடித்து ஓரமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு அத்தான் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சாப்பிட்டாரா என்று தட்டைப் பார்த்தால்தான் தெரியும். முதலாளியின் கால்களைக் கழுவ மட்டும் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. காலையும் மாலையும் வாளியோடு போவார். வெந்நீர், விரிப்புகளுக்குப் போடும் சோப்பு, பிரஷ். அவருக்குத் தெரிந்த வேலை அது. அவள் இத்தனை நாள் காப்பாற்றியதைத் தான் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். கால்களின் முடி வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்த பக்கத்து டயர்க்கடைக்காரர் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பஞ்சு மாதிரி இருக்கே! அண்ணி இருந்தப்பகூட இவ்வளவு வெள்ளை இல்ல," என்றார்.

"இன்னும் ஒரு தண்ணி விட்டா நல்லா வரும்," என்றார் அத்தான். அன்று முழுக்க அவர் பேசியது அதுதான். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

முதலாளி தீனியை விட்டது. வலது பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. டாக்டரை அழைத்தேன். அவர் முடியை விலக்கியதும் வாடை எழுந்தது. வெள்ளை முடிக்குக் கீழே தோல் உரிந்து, நீர் வடிந்து, கால் உருளையாக வீங்கியிருந்தது.

"யாரு கழுவினது?"

"நான்தான். ரெண்டு வேளையும். ஒரு நாள்கூட விடல," என்றார் அத்தான்.

டாக்டர் முடியை மறுபடி விலக்கிக் காட்டினார். "கழுவினதுதான் சார் கெடுத்தது. இனிமே தண்ணியே கூடாது. முடிய இப்பவே எடுக்கணும். ஊசி போடறேன். வீக்கம் மேல ஏறி, காலே ஊன்ற முடியாமப் போச்சுன்னா, அதை வலியில வச்சிருக்கக் கூடாது. அடுத்த வாரம் வர்றேன். அன்னிக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

என்ன முடிவு என்று அத்தான் கேட்கவில்லை. முடிவெட்டும் மெஷினை டாக்டர் எடுத்தபோது மட்டும், "அந்த முடிய அவ சீவி விடுவா," என்றார்.

"தெரியும் சார். நானும் பார்த்திருக்கேன்."

அத்தானே தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முடி கற்றை கற்றையாக விழுந்தது. முடியில்லாத கால்கள் வேறெதோ மிருகத்தினுடையவை போல மெலிந்தும், வீங்கிய இடத்தில் பருத்தும் இருந்தன. நான் கூட்டி அள்ளினேன்.

தண்ணீர் நின்றும் குணம் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மருந்துக் கரைசலால் துடைத்துவிட்டு, அத்தான் துண்டால் ஒற்றுவார், விரலால் தொட்டுப் பார்ப்பார், "காஞ்சிருச்சு," என்பார். மறுநாள் காலை அதே மடிப்பில் தோல் வெளுத்துச் சொதசொதவென்று இருக்கும். முதலாளி அந்தக் காலைத் தூக்கியபடியே நின்றது. டாக்டர் வரும் நாள் நெருங்கியது.

இதற்கிடையே விடுதிகளின் துணி குவிந்துவிட்டிருந்தது. ஆளில்லாததால் அத்தானே தேய்ப்பு மேசைக்கு வந்தார். நான் அலுவலகம் முடிந்து வந்து மடித்துக் கொடுத்தேன். மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு விரிப்பைக் கையில் வைத்துப் புரட்டினார். வாழ்நாளெல்லாம் சோப்பிலும் வெந்நீரிலும் ஊறித் தடித்த விரல்கள். அவற்றுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் ஒன்றுதான். விரிப்பைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். ஆஸ்பத்திரித் துணி அறையில் எல்லாரும் செய்வதுதான். ஈரம் காய்ந்ததா என்று கன்னம் சொல்லிவிடும்.

வைத்தவர் அப்படியே நின்றார்.

"அவ கொஞ்சலம்மா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அத்தான்?"

"குதிரைய. கொஞ்சல. காஞ்சிருச்சான்னு பார்த்திருக்கா." விரிப்பை மேசையில் வைத்தார். "இத்தன வருஷம் நான் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அவளும் சொல்லவே இல்ல பாரு."

கொட்டகைக்குப் போனார். முழங்கால் மடக்க முடியாதவர், சுவரைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். முன்னங்கால்களில் கன்னத்தை வைத்தார். பின்னால் போனபோது முதலாளி காதைப் படுக்கவைத்தது. "உதைக்கப் போகுது அத்தான்," என்றேன். "உதைக்கட்டும்," என்றார். மடிப்பில் கன்னம் பட்டதும், "ஈரம். சூடா ஒரு துண்டு எடு," என்றார். எடுத்து வந்தேன். மறுபடி ஒற்றினார், மறுபடி கன்னத்தை வைத்தார். "இன்னும் இருக்கு." நான் போய் வந்துகொண்டிருந்தேன். கூடையிலிருந்த துண்டுகள் தீர்ந்தன. விடுதியின் துண்டுகளை எடுத்தோம்.

டாக்டர் சொன்ன நாளில் வந்தார். கையில் பெட்டி இருந்தது. அதில் என்ன ஊசி இருக்கும் என்று மூவருக்கும் தெரியும். காலைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், நடத்திப் பார்க்கச் சொன்னார். முதலாளி நொண்டியது. ஆனால் நாலு காலையும் ஊன்றியது.

"வீக்கம் எறங்குது. தோல் மூட ஆரம்பிச்சிருக்கு. இருக்கட்டும் சார்," என்றார். பெட்டியைத் திறக்கவில்லை.

"சரியாயிடுமா?"

"இல்ல. இது போகாது. முடி வளரும், எடுக்கணும். மழை வந்தா திரும்ப வரும். இதே மாதிரி தினமும் பார்த்துக்கிட்டே இருக்கணும். அது இருக்கற வரைக்கும்."

அத்தான் தலையாட்டினார். டாக்டரின் வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தார். பிறகு கொட்டகைக்குள் வந்து, தரையைக் குனிந்து பார்த்தார். பின்சுவர் ஓரம் தண்ணீர் தேங்கிய கறை இருந்தது.

"அடுத்த மழைக்குள்ள இதை ஒசத்திடணும்," என்றார். மட்டம் பார்க்கத் துணி கட்டும் கயிற்றை எடுத்து வந்து ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு எதிர்ச் சுவருக்கு நடந்தார்.

"இறுக்கிப் பிடிம்மா."

பிடித்துக்கொண்டு நின்றேன்.