தராசில் வைத்த கால்

துண்டின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, தராசின் பித்தளைக் கோலை ஜடையன் துடைக்கிறார். துடைத்து முடித்ததும் அதன் முன்னால் போய் நின்றுகொள்வார், பாருங்கள், அந்த அகன்ற முதுகைத் தாண்டி ஒரு ஈகூடக் கோலைப் பார்க்க முடியாது. மைசூர் சந்தனக் கிடங்கில் கட்டை சுமக்கும் ஆட்கள் யாராவது எட்டிப் பார்த்தால், "தூக்கறது உன் வேலை, பாக்கறது என் வேலை" என்பார். மார்டள்ளியிலிருந்து பிழைக்க வந்து இந்தத் தராசில் நின்ற நாள் முதல் இதே பேச்சுதான்.

கீழே இரும்புப் பலகை, மேலே கோல். பலகையில் கட்டையை வைத்துவிட்டு, கோலில் தொங்கும் குண்டை நகர்த்தி மட்டம் பார்க்க வேண்டும். அந்தத் தராசை அவர் கொஞ்சுகிற கொஞ்சலைப் பார்த்துவிட்டு மனைவி மாரக்காள், "அது என்ன உங்களுக்கு மூத்த சம்சாரமுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை.

போன தசராவுக்குக் கொஞ்சம் முன்னால், அடுக்கிலிருந்து ஒரு கட்டை உருண்டு வந்து அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துப் போட்டது. மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் படுக்கை. வலியைப் பொறுத்துக்கொண்டார். தராசை இப்போது பசவராஜ் பார்க்கிறான் என்ற செய்தியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நேற்றுவரை கட்டை தூக்கிக்கொண்டிருந்த பயல்! "அவனுக்குக் கோல் எது, கொம்பு எதுன்னு தெரியுமா?" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். நன்றாகத்தான் பார்க்கிறான் என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று ராகிக் களி தொடாமல் தட்டிலேயே கிடந்தது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் சூம்பிப் போயிருந்தது. டாக்டர் யக்ஞநாராயணன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிவு கூடிவிட்டது, ஆனால் பாரமே படாமல் கிடந்ததில் எலும்பு சத்திழந்து மெலிந்துவிட்டது என்றார்.

"பாரம் விழுந்தாத்தான் எலும்பு கெட்டிப்படும். ஒரேயடியா விழுந்தா மறுபடி முறியும். இப்போதைக்கு உடம்புப் பாரத்துல நாலுல ஒரு பங்கு போதும், அப்புறம் ஏத்தலாம். நீதான் தராசுக்காரனாச்சே, அதுலயே காலை வச்சு அளவு பழகிக்கோ."

இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடிந்தால்தான் பழைய இடம், இல்லையென்றால் பசவராஜுக்கே என்று கிடங்கு அதிகாரி முன்பே சொல்லியனுப்பியிருந்தார்.

ஆகவே, கக்கத்தில் ஊன்றுகட்டைகளைக் கொடுத்துக்கொண்டு தினமும் காலையில் கிடங்குக்குப் போனார். தன் தராசுக்குத் தானே சரக்கு. பசவராஜ் டாக்டர் சொன்ன அளவில் குண்டை நிறுத்துவான், இவர் பலகையில் காலை வைத்து மெல்ல அழுத்துவார், கோல் எழும்பியதும் "போதும் அண்ணா, எடுங்க" என்பான் அவன். அவன் விரல் கோலில் படும்போதெல்லாம் ஜடையனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு சந்தேகமும் முளைத்தது. குண்டை இவன் வேண்டுமென்றே அளவு குறைத்து உள்ளே தள்ளி நிறுத்துகிறான், அதனால்தான் கோல் இத்தனை சீக்கிரம் எழும்புகிறது. பாரம் போதாமல் எலும்பு மெலிந்தே கிடக்கும், தராசு இவனுக்கே நிலைத்துவிடும். "என் எலும்பைப் பட்டினி போடறான் திருட்டுப் பய" என்று மாரக்காளிடம் பொருமித் தீர்த்தார்.

ஒருநாள் பசவராஜ் காபி குடிக்கப் போன சமயம் பார்த்து, அவன் நிறுத்தியிருந்த குண்டைத் தொடாமல், தரையில் உட்கார்ந்தபடியே முத்திரை எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றினார். டாக்டர் சொன்ன அளவுக்குக் கல் ஏறியதும் கோல் மட்டத்துக்கு வந்து நின்றது. இம்மி பிசகில்லை. கோலில் தூசிகூட இல்லை, எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "அவன் திருடனா இருந்திருந்தா என் மனசு ஆறியிருக்கும்" என்றார். மாரக்காள் களியைப் பிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அடுத்த எக்ஸ்ரே படத்தில் எலும்பு தேறியிருந்தது, கக்கத்துக் கட்டைகளும் பரணுக்குப் போயின. இன்றுதான் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறார். பசவராஜ் காலையிலேயே துடைத்து வைத்துவிட்ட கோலைத்தான் இவர் மறுபடி துடைக்கிறார்.

பசவராஜ் முதல் கட்டையைச் சுமந்து வந்து பலகையில் இறக்குகிறான். இறக்கியவன் நகரவில்லை. ஜடையனின் முதுகுக்குப் பின்னால் அவன் கழுத்து கோலைத் தேடி நீள்கிறது. திரும்பிப் பார்க்கிறார் ஜடையன். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை மாதமும் அவரே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கறது உன் வேலை..." என்று ஆரம்பிக்கிறார். எதையும் பிடித்துக்கொள்ளாமல், உடம்புப் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு, அவனுக்குக் கோல் தெரியும்படி அரையடி விலகி நிற்கிறார்.