எஸ்தர் அக்காவின் ஒரே விண்ணப்பம்

எண்ணூரில் வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றபோது எஸ்தர் அக்காவின் மகன் டேனியல் போன் செய்தான். "அம்மா போய்ட்ச்சுண்ணே. சபைல சொல்லிடு." நான் சபைச் செயலாளர். இப்படிப்பட்ட செய்திகள் முதலில் எனக்குத்தான் வரும். அக்காவுக்கு நோய் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

ராயபுரத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. அக்கா நர்ஸ், கணவர் ஹார்பரில் மெக்கானிக். இருவரும் மிஷனரிகளாகச் சின்னப் பிள்ளை டேனியலோடு தென்சூடானுக்குப் போனார்கள். அக்கா பிரசவம் பார்த்தார், கணவர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்த்தார். "கர்த்தரு கூப்ட்டாரு, போனோம். கரண்ட்டு இல்லன்னு அவரு சொல்லல" என்பார் அக்கா.

அங்கே சண்டை மூண்டது. துப்பாக்கிக்காரர்கள் வந்தபோது பக்கத்து வீட்டு நியாபோல் மூவரையும் தன் குடிசைக்குள் ஒளித்து வைத்தாள். இந்திய விமானம் வந்ததும் டேனியலை இடுப்பில் தூக்கிக்கொண்டு விமான நிலைய வாசல்வரை வந்தவளும் அவள்தான். இந்தியர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஊர் திரும்பும் மிஷனரிகள் சபையில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் காப்பாற்றிய கதையைக் கேட்க உட்கார்ந்திருந்தோம். அக்கா எழுந்தார். "எங்கள கர்த்தர் காப்பாத்துனாருன்னா, நியாபோல வுட்டுட்டாருன்னு ஆயிடும். அத்த நான் சொல்ல மாட்டேன்." உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்லக் காத்திருந்த நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம்.

அதன்பின் ஞாயிறுதோறும், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சபையார் எழுந்து சொல்லும் விண்ணப்ப நேரத்தில், நியாபோலின் பெயரைச் சொல்லுவார். எங்கள் சபையில் உயிரோடு இருப்பவர்களுக்காக மட்டுமே ஜெபிப்போம். மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. சில வருஷங்கள் கழித்து போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இன்னும் ஜெபிக்கணுமாம்மா? ஒருவேளை அவங்க..."

"செத்தத பாத்தீங்களா ஐயா? பாக்குற வரிக்கும் அவ உயிரோடதான் கீறா."

போதகர் அந்த ஞாயிறும் நியாபோலுக்காக ஜெபித்தார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. ஆனாலும் அக்காவை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றுதான்.

அடக்க ஆராதனையில் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபித்தோம். அக்காவுக்காக ஜெபிக்கவில்லை. அடுத்த ஞாயிறு விண்ணப்ப நேரத்தில் அக்கா உட்காரும் பெஞ்சை எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்து, "நியாபோல்" என்றேன்.

அக்காவுக்காக இனி என்னால் ஜெபிக்க முடியாது. அவர் உயிரோடு வைத்திருந்தவளுக்காக முடியும்.