முகமூடிக்குள் ஒரு படிக்கும் கண்ணாடி

பிரிஞ்சாங் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்த பிறகு, போனில் வீடியோ பார்த்து நானாகவே வெல்டிங் பழகினேன். தேயிலைச் சரிவை ஒட்டிய வீட்டின் பின்புறம்தான் என் பட்டறை. வெல்டிங் குச்சி அடிக்கடி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் இணைப்புக் கோடு கோணிப் போகும். மூடுபனியில் குச்சி நமுத்துவிட்டது என்று அடுப்பருகே காயவைத்தேன். அப்போதும் கோணல்தான்; என் கைதான் பழகவில்லை என்று நினைத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: “ஏம்மா, மெசேஜ் படிக்கவே கண்ணாடி தேடுறே. இதுக்கு மட்டும் வேணாமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் வெல்டிங் முகமூடிக்குள் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் வெறும் வெளிச்சம். அன்றுதான் அதன் அடியில் இரும்பு உருகி நகர்வது தெரிந்தது. கை அந்த உருகலின் போக்கிலேயே மெல்லப் போனது; கோடு கோணவில்லை. கையையும் குச்சியையும் பனியையும் குறை சொன்னவள், கண்ணை நினைக்கவே இல்லை.