எழுபத்தைந்து கிலோ கொக்கி

ஜேர்மனியின் கேவலார் மாதா கோவிலில் ஃபாதர் ஆசீர்வதிக்கும்வரை என் புது மோட்டார் சைக்கிள் றோட்டில் இறங்கக்கூடாது என்பது மாமியின் கட்டளை.

அதனால் இன்று எசன் நகரில் ஒரு கடைக்குப் போனேன். காரின் பின்கொக்கியில் பூட்டி மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்லும் தாங்கி ஒன்று வாங்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடு.

“என் கார் ஆயிரத்து இருநூறு கிலோ இழுக்கும்,” என்றேன்.

கடைக்காரர் வெளியே வந்து, கொக்கியருகே இருந்த தகட்டின் சேற்றைத் துடைத்துக் காட்டினார். இழுக்கத்தான் ஆயிரத்து இருநூறு. கொக்கி சுமக்க எழுபத்தைந்துதான். என் மோட்டார் சைக்கிளோ நூற்றிருபது.

“அது ஓடுமா?” என்று கேட்டார்.

“ஓடும்.”

“லைசென்ஸ்?”

“இருக்கிறது.”

“பிறகு ஏன் அதைச் சுமக்கிறீர்கள்?”

தாங்கி வாங்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் நேராகவே சொன்னேன். “மாமி, காரிலை கொழுவ ஏலாது. சனிக்கிழமை நான் அதை ஓடிக்கொண்டுதான் கோவிலுக்கு வாறன்.”

மாமி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“ஆசீர்வாதம் இல்லாமல் உன்னைத் தனிய விடமாட்டன். பின்னாலை இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு நானும் வாறன்.”

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சின்ன அளவில், கொண்டை அடங்கக்கூடிய ஹெல்மெட் யாரிடமாவது இருக்கிறதா?